ஈர நெற்று

கரிசல் காட்டின் நடுவில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. மூன்று பக்கமும் கம்பும் மிளகாயும் விளையும் நிலம். நான்காவது பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் தரிசு. அங்கே மேலாண்மைத் துறையில் தொழில்முனைவு என்ற பாடத்தைப் பதினொரு ஆண்டுகளாக நடத்திவந்தவர் மரகதவல்லி. வயது நாற்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டார்.

குலசேகரன் அவரைவிட ஆறு வயது மூத்தவர். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, ஆசிரியராக வேண்டும் என்று அந்த ஊருக்கு வந்தவர். வந்த முதல் வாரமே மரகதவல்லியின் அறைக்குப் போனார்.

“எனக்குத் தொழில் தெரியும் மேடம். சொல்லிக்கொடுக்கத் தெரியாது. என்னை உங்க மாணவனா எடுத்துக்கங்க.”

“கடைசி பெஞ்ச் காலியாத்தான் இருக்கு சார்,” என்றார் மரகதவல்லி.

குலசேகரன் ஒரு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். மாணவர்களோடு சேர்ந்து குறிப்பெடுத்தார். வகுப்பு மெதுவாகப் போனது. ஒரு மாணவன் எழுந்து, தண்ணீர் கேன் போடும் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்வான். “தண்ணி எங்க இருந்து எடுப்ப?” என்று மரகதவல்லி கேட்பார். அவன் ஒரு கிணற்றைச் சொல்வான். “அந்தக் கிணத்துல இப்ப யாரு எடுக்குறாங்க?” அவனுக்குத் தெரியாது. போய் விசாரித்து வர ஒரு வாரம் ஆகும். வந்ததும் இன்னொரு கேள்வி இருக்கும். பருவம் முடியும்போது பாதிப் பேருடைய திட்டம் பாதியில் நிற்கும்.

ஒருநாள் குலசேகரன் பொறுக்காமல் கேட்டார்.

“மத்த காலேஜ் பசங்க போட்டிக்குப் போறாங்க, பரிசு வாங்குறாங்க. நம்ம பசங்க கிணத்தையே சுத்தி வர்றாங்க. இப்படிப் போனா அவங்களுக்குத் துணிச்சல் எப்ப வரும் மேடம்?”

மரகதவல்லி யோசித்தார்.

“அடுத்த வருஷம் நீங்க எடுங்க சார்.”

குலசேகரன் அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. சொன்னபடியே ஜூன் மாதம் மரகதவல்லி பாடத்திட்டத்தையும் வருகைப் பதிவேட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டார்.

குலசேகரன் நன்றாகவே நடத்தினார். மாணவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. விழுவதற்கு அஞ்சாதே, சீக்கிரம் விழு, சீக்கிரம் எழு என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சூடு இருக்கும். அந்தச் சூடு யாரை அதிகம் பற்றியது என்றால், முத்துப்பேச்சியை.

முத்துப்பேச்சி அவர் வகுப்பு மாணவி, பக்கத்துச் சூரங்குளத்துப் பெண். தகப்பனார் இல்லை. தாய் ஆடு மேய்ப்பவர். சீமைக்கருவேல மரத்தில் காய்த்து உதிரும் நெற்றை ஆடுகள் விரும்பித் தின்னும். அதைப் பொறுக்கிக் காயவைத்து அரைத்து, தவிடும் சோளக் குருணையும் கலந்தால் நல்ல தீவனம் ஆகும் என்று அவள் சொன்னாள். குலசேகரன் அவளை மதுரையில் நடந்த ஒரு போட்டிக்கு அழைத்துப்போனார். முதல் பரிசு கிடைத்தது. துணைவேந்தரோடு நின்று எடுத்த படம் துறை வாசலில் தொங்கியது.

அவள் நிஜமாகவே தொடங்கினாள். ஊர்க்கோடியில் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அரவை மெஷின் போட்டாள். கோடையில் ஊர்ப் பெண்கள் நெற்றுப் பொறுக்கிக் கொடுத்தார்கள். அவர்களே தீவனமும் வாங்கினார்கள். ஆடுகள் மேனி மினுங்க நின்றன.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் அவள் குலசேகரனுக்குப் போன் செய்தாள்.

“சார், கொட்டகை ஒழுகுது. நெத்து எல்லாம் ஈரமாயிருச்சு. வெயில் வர்ற வரைக்கும் அரைக்காம நிறுத்திரவா?”

“எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு வாரம் ஆகலாம் சார்.”

“மழையில ஆடு மேய்ச்சலுக்குப் போகாது. இப்பதான் தீவனம் தேவைப்படும். இந்த நேரத்துல நிறுத்தினா வாங்குறவங்க கைவிட்டுப் போயிருவாங்க. சப்ளையை நிறுத்தாதம்மா. சின்னக் குறையைப் போகப் போகச் சரி பண்ணிக்கலாம்.”

“சரிங்க சார்,” என்றாள் அவள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போன் வந்தது.

“ஆடு சாகுது சார். மழைச் சீக்குன்னு ஊர்ல சொல்றாக. நான் மிச்சம் இருந்த மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தேன். உள்ள கறுப்பா பூசணம் புடிச்சிருக்கு.”

“யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார் குலசேகரன். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

“தெரியாது சார்.”

அதன் பிறகு அவள் போனை அணைத்துவிட்டாள். ஒன்பது நாள் வகுப்புக்கும் வரவில்லை.

பத்தாம் நாள் குலசேகரன் மரகதவல்லியின் அறைக்குப் போனார். தீவனத்தில் பூசணம் பிடித்ததையும் ஆடுகள் செத்ததையும் அவள் வராமல் இருப்பதையும் சொன்னார். முதல் போனில் தான் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

“ஊருக்குத் தெரியாது மேடம். அதுவரைக்கும் நல்லது. கொட்டகையைச் சத்தமில்லாம மூடிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு வேற பேர்ல வேற ஏதாவது தொடங்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்குது. ஆனா அவ ஒடிஞ்சுபோய் உக்காந்திருக்கா. விழுந்தவளை எப்படி எழ வைக்கிறது? எனக்கு அது தெரியலை. நீங்கதான் சொல்லித் தரணும்.”

“எத்தனை ஆடு சார்?”

“தெரியலை.”

“எத்தனை வீடு?”

“கேக்கலை மேடம்.”

மரகதவல்லி மேசையில் விரித்திருந்த விடைத்தாள்களை ஒன்றாக அடுக்கினார்.

“நாளைக்குக் காலைல ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு. வந்துருங்க.”

மறுநாள் மழை விட்டிருந்தது. பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் கரிசல் மண் ஈரத்தில் ஊறிக் கன்னங்கரேல் என்று கிடந்தது. பாதி தூரம் போன பிறகு குலசேகரன் கேட்டார்.

“இந்த மாதிரி இதுக்கு முன்னாடி போயிருக்கீங்களா மேடம்?”

“ரெண்டு தடவை.”

“மாணவர்களுக்காகவா?”

“ஒரு தடவை மாணவனுக்காக,” என்றார் மரகதவல்லி.

மற்றொரு தடவையைப் பற்றிக் குலசேகரன் கேட்கவில்லை.

சூரங்குளத்தில் முத்துப்பேச்சியின் தாய் வாசலில் நின்றார். இரண்டு பேரையும் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர். அதான் வரலை. ஊரெல்லாம் மழைச் சீக்கு பாருங்க, ஆடுகூடத் தப்பலை,” என்றார்.

மரகதவல்லி உள்ளே போனார். முத்துப்பேச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“எத்தனை வீடு பேச்சி?”

“ஆறு மேடம்.”

“ஆடு?”

“பதினேழு.”

“யார் யாருக்கு எத்தனைன்னு தெரியுமா?”

“தெரியும்.” ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். எதையும் யோசித்துச் சொல்லவில்லை. சினையாடு எது, குட்டி எது என்றுகூடச் சொன்னாள்.

“மூஞ்சியைக் கழுவிட்டு வா.”

“மேடம், யாரும் என்னையச் சந்தேகப்படலை.”

“தெரியும். வா.”

முத்துப்பேச்சி குலசேகரனைப் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

முதல் வீடு சொர்ணம் என்ற விதவையுடையது. மூன்று ஆடுகள் போயிருந்தன. கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, டீச்சர் வந்திருக்கிறாரே என்று பாய் எடுக்கப் போனார். மரகதவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குலசேகரனும் உட்கார்ந்தார். முத்துப்பேச்சி நின்றாள்.

“அத்தை, உங்க ஆடு சீக்குல சாகலை. நான் குடுத்த தீவனத்துல பூசணம் இருந்துச்சு. அதைத் தின்னுதான் செத்துச்சு.”

சொர்ணம் அவளையே பார்த்தார்.

“தெரிஞ்சா குடுத்த?”

“ஈரம்னு தெரியும் அத்தை. சாகும்னு தெரியாது.”

சொர்ணம் விளக்குமாற்றை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார். கூட்டி முடிக்கும்வரை மூன்று பேரும் இருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு எழுந்து வந்தார்கள்.

இரண்டாவது வீட்டுக்காரர் முழுதாகக் கேட்கவில்லை. பாதியிலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் அவர் தன் மனைவியிடம் சொல்லும் சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி சாத்திய கதவைப் பார்த்து மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

மூன்றாவது வீட்டில் ஒரு கிழவரும் கிழவியும் இருந்தார்கள். கிழவர் காது மந்தம். அவருக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை அவள் குரலை உயர்த்திச் சொன்னபோது தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அதன் பிறகு மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நான்காவது வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி போயிருந்தது. ராக்கம்மாள் வாசலிலேயே நின்றாள். நடுத்தர வயது. ஆறு ஆடு இருந்ததில் நான்கு போய்விட்டன. அவள் சத்தம் போடவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லு. நீ ஆட்டுக்காரி மக. ஈர நெத்தைச் சேர்த்து வைக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியும். பெறகு ஏன் அரைச்ச?”

முத்துப்பேச்சி தலை குனிந்தாள்.

“கேக்குறேன்ல. ஏன் அரைச்ச?”

“என் தப்புதான் சித்தி.”

“தப்பு யாரோடதுன்னு நான் கேக்கலை. ஏன் அரைச்சன்னு கேட்டேன்.”

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தபடியே நின்றாள். ஒருதரம்கூடக் குலசேகரன் பக்கம் திரும்பவில்லை. மரகதவல்லியும் திரும்பவில்லை. தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள்.

குலசேகரன் முத்துப்பேச்சிக்கு முன்னால் வந்து நின்றார்.

“நிறுத்திரவான்னு அவ என்கிட்ட கேட்டா. நிறுத்தாதேன்னு நான்தான் சொன்னேன்.”

ராக்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவருடைய சட்டையை, காலில் இருந்த ஷூவை, அதில் அப்பியிருந்த கரிசல் சகதியை.

“நீங்க ஆடு வளர்த்திருக்கீகளா சார்?”

“இல்லைம்மா.”

“நெத்து அரைச்சிருக்கீகளா?”

“இல்லை.”

“பெறகு எப்படிச் சொன்னீக?”

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பியவளைப் போலக் காத்திருந்தாள். கடைசியில் முத்துப்பேச்சியிடம், “மிச்ச ரெண்டு ஆட்டுக்கு என்ன குடுக்கட்டும், அதையாச்சும் சொல்லு,” என்றாள்.

“வேப்பங்குழையும் சோளத்தட்டையும் மட்டும் குடுங்க சித்தி. டாக்டரை நான் கூட்டிட்டு வர்றேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஐந்தாவது வீட்டுக்காரி, பெயர் வேலுத்தாய். அவள் முகம் வெளுத்திருந்தது.

“பேச்சி, நான் ரெண்டு மூட்டையை வெள்ளாங்கரைக்குக் குடுத்துவிட்டேனே. எம் மகளுக்கு. நேத்துத்தான் டவுன் பஸ்ல ஏத்திவிட்டேன்.”

“போன் பண்ணுங்க.”

“போன் அவ புருசன்கிட்ட இருக்கு. அவன் தூத்துக்குடிக்கு லோடு ஏத்தப் போயிட்டான்.”

முத்துப்பேச்சி மரகதவல்லியைக் கேட்கவில்லை, குலசேகரனையும் கேட்கவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவை நோக்கி ஓடினாள். மற்ற மூவரும் பின்னால் ஓடி ஏறினார்கள்.

வெள்ளாங்கரை ஏழு கிலோமீட்டர். ஓடைப் பாலத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் தயங்கினார். வேலுத்தாய் அவரிடம், “அங்க ஒன்பது ஆடு இருக்குய்யா,” என்றாள். அவர் மெதுவாக இறக்கி ஓட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது வேலுத்தாயின் மகள் தொட்டியில் தீவனத்தைக் கொட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் கயிற்றை இழுத்து நின்றன. ஒன்று மட்டும் கயிறு அவிழ்ந்து தொட்டியில் வாயை வைத்திருந்தது. முத்துப்பேச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். ஆடும் அவளுமாகச் சகதியில் விழுந்தார்கள். அவள் எழுந்து தொட்டியைப் புரட்டிக் கவிழ்த்தாள். பிறகு ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டு, மென்றதை எல்லாம் வழித்து வெளியே எடுத்தாள்.

அந்தத் தீவனத்தைக் குலசேகரன் அப்போதுதான் முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தார். கட்டி கட்டியாக இருந்தது. உடைத்தால் உள்ளே கறுப்பு. புழுங்கிய நாற்றம். அதுவரை அவர் அதைத் திரையில் போட்ட படத்தில்தான் பார்த்திருந்தார்.

மூட்டைகளைத் தோட்டத்துக் கோடிக்குத் தூக்கிப்போய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள். மண் இளகிக் கிடந்ததால் தோண்டுவது சுலபமாக இருந்தது. ஒரு மூட்டையைக் குலசேகரன் சுமந்தார்.

சூரங்குளத்துக்குத் திரும்பும்போது மதியம் ஆகிவிட்டது. முத்துப்பேச்சியின் வீட்டு வாசலில் மரகதவல்லி நின்றார்.

“அஞ்சு வீடு ஆச்சு. ஆறாவது?”

“இதுதான் மேடம்,” என்றாள் முத்துப்பேச்சி.

தாய் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். ஊரில் நடந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. மகளைப் பார்த்ததும் பதறினார்.

“நம்ம ஆடு சீக்குலதான்டி செத்துச்சு. நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நீ ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிற?”

“அம்மா, நம்ம ஆடும் என் தீவனத்துலதான் செத்துச்சு.”

தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“எனக்கு மொத நாளே தெரியும்,” என்றார். “மூட்டையைத் தொறக்கும்போதே நாத்தம் வந்துச்சு. நீ அரைச்சதுன்னு ஆட்டுக்கு வச்சேன்.”

முத்துப்பேச்சி அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து ஒரு வீட்டிலும் அவள் அழுதிருக்கவில்லை. தாயும் அழுதார். மரகதவல்லி சற்றுத் தள்ளிப்போய் வேலியோரம் நின்றுகொண்டார். குலசேகரன் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

அழுகை ஓய்ந்த பிறகு தாய் எல்லாருக்கும் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தார். குடிக்கும்போது முத்துப்பேச்சி சொன்னாள்.

“எங்க பட்டியில ஒரு தாயாடும் நாலு குட்டியும் மிச்சம் இருக்கு மேடம். குட்டி வளர்ந்ததும் சொர்ணம் அத்தைக்கும் ராக்கம்மா சித்திக்கும் ரெண்டு ரெண்டு குடுத்துரலாம்னு அம்மா சொல்றா. மத்தவுகளுக்கு அடுத்த ஈத்துல குட்டி போட்டாத்தான் முடியும்.”

“அதை அவங்ககிட்டச் சொன்னியா?”

“இன்னும் இல்லை. சாயங்காலம் போறேன்.”

“கதவைச் சாத்தின வீட்டுக்கு?”

“அங்கேயும் போவேன்.”

மரகதவல்லி தலையசைத்தார். கிளம்பும்போது அவளிடம் தனியாக ஏதோ கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னாள். குலசேகரனுக்கு அது கேட்கவில்லை.

நான்கு மணி பஸ் வந்தது. இருவரும் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். குலசேகரனின் தோளில் மூட்டை பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு கறை இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அவர் சொன்னார்.

“நான் அந்த முதல் போனைப் பத்தி உங்ககிட்டச் சொல்லலை.”

“ஆமா சார்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பேச்சி யாரையும் கேக்காம அரைச்சிருக்க மாட்டா.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மறுபடியும் கிளம்பியது.

“பதினெட்டு வருஷம் நான் எடுத்த முடிவு எதுக்கும் யார் வீட்டுக்கும் போய் நின்னதில்லை மேடம். எல்லாம் ஒரு அறையில ஆரம்பிச்சு அதே அறையில முடிஞ்சிரும். தப்பா போனா அடுத்த கூட்டத்துல ஒரு பக்கம் விளக்கம் குடுப்போம். அதைத்தான் இங்க வந்து பசங்களுக்குத் துணிச்சல்னு சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

மரகதவல்லி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ராக்கம்மா கேட்டதுக்கு இன்னும் எனக்குப் பதில் வரலை. இனிமே அந்த வகுப்புல போய் நிக்க எனக்கு என்ன தகுதி இருக்கு? பாடத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கங்க மேடம். நான் பழையபடி கடைசி பெஞ்சுக்குப் போயிடறேன். இல்லைன்னா ஊருக்கே போயிடறேன்.”

தூரத்தில் பல்கலைக்கழகத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மரகதவல்லி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு முதல் பீரியட் உங்களோடது சார்,” என்றார். “முத்துப்பேச்சி வர்றேன்னு சொல்லியிருக்கா.”